பந்தி மாலையில், சமையல் மதியத்தில்: சோலார் பற்றி எங்கள் ஆலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், மற்றும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் "மண்டபக் கூரையில் சோலார் போடலாமா?" என்று செயலாளர் தம்பி கேட்டு முடிப்பதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. என் கையும்தான். அன்னதானச் சாம்பார் மணம் வந்துகொண்டிருந்த நேரம் அது, யாருக்கும் கேள்வி கேட்கும் பொறுமை இல்லை. வீட்டுக்குப் போய், சோலார் போட முன்வந்த நிறுவனம் கொடுத்த பதினாறு பக்கத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோதுதான் கையைக் கொஞ்சம் சீக்கிரமாகவே தூக்கிவிட்டோம் என்று பட்டது.

நான் சோலாருக்கு எதிரி இல்லை. பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் சார்ஜ்மேனாக, அதாவது மின்சார மேற்பார்வையாளனாக, இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன், கரண்ட்டோடுதான் பிழைப்பு நடந்தது. பார்க்கப்போனால் இந்த விஷயத்துக்கு நாம் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கோயில் மின்கட்டண பில்லின் கீழ்ப்பகுதியில் 'கே.டபிள்யூ.டி.பி.பி.' என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். கும்புலான் வாங் தெனாகா போலே பஹாரு, அதாவது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. கட்டணத்தில் 1.6 சதவீதம் அங்கே போகிறது. 2011-இல் சட்டம் வந்து, சேடா மலேசியா என்ற அரசாங்க எரிசக்தி மேம்பாட்டு அமைப்பு உருவாகி, அந்த வருடம் டிசம்பரில் முதல் திட்டம் தொடங்கியது. அந்த நிதியை வைத்துத்தான் தொடக்கத்தில் சோலார் போட்டவர்களிடம் நல்ல விலைக்கு மின்சாரம் வாங்கினார்கள். அந்த நல்ல விலைக் காலம் முடிந்துவிட்டது. இந்த மடலில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். "60 கிலோவாட்." கூட்டத்தில் ஒருவர் "நம் பில் 7,000 யூனிட் வருகிறதே, 60 எப்படிப் போதும்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது, அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். கிலோவாட் என்பது பானையின் அளவு. யூனிட் என்பது அந்தப் பானையில் ஒரு மாதம் முழுக்க எவ்வளவு சோறு வடித்தோம் என்பது. விற்பவர் பானையின் அளவைச் சொல்லி விற்கிறார், நாம் கட்டுவதோ சோற்றுக்கான கணக்கை.

இந்தப் பானையோ இரவில் வேகாது, மழையில் பாதிதான் வேகும். சோலார் பலகையில் எழுதியிருக்கும் வாட் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் அளந்தது: சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், பலகைக்குள் இருக்கும் சூரிய செல்லின் சூடு 25 டிகிரி. நம் ஊரில் மதியம் ஒரு மணிக்குத் தகரக் கூரையில் எங்கே 25 டிகிரி? செல்லின் சூடு 60-ஐத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், வெயில் நன்றாக அடிக்கும் நேரத்திலேயே 12 சதவீதம் போய்விடுகிறது. அப்புறம் தூசி, கேபிள் இழப்பு, பலகையின் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரின் இழப்பு. எல்லாம் போக ஒரு கிலோவாட் பலகை இங்கே வருடத்துக்குச் சுமார் 1,300 யூனிட் தரும். 60 கிலோவாட்டுக்கு 78,000 யூனிட். வருடத்தின் 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினால் வரக்கூடியதில் இது 15 சதவீதம்கூட முழுசாக இல்லை. நிறுவனத்தின் தாளிலும் இதே 78,000-தான் இருக்கிறது. இந்த இடத்தில் அவர்கள் நேர்மையாகவே நடந்திருக்கிறார்கள்.

(ஓர் இடைச்செருகல். 2023-இல் வந்த தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம் 2050-க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்கிறது. அது நிறுவுதிறனில் 70 சதவீதம், அதாவது பானைக் கணக்கு. நாம் எரிக்கும் யூனிட்டில் 70 சதவீதம் என்று மேடையில் யாராவது பேசினால், அவரும் அந்தத் தாளின் முதல் பக்கத்தை மட்டும்தான் படித்திருக்கிறார்.)

சரி, சிக்கல் எங்கே? தாளின் ஏழாம் பக்கத்தில் ஒரு பெருக்கல் இருக்கிறது. 78,000 யூனிட்டை யூனிட்டுக்கு 50 சென் என்று பெருக்கி, வருடத்துக்கு 39,000 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம், போட்ட 195,000 வெள்ளி ஐந்தே வருடத்தில் திரும்பிவிடும் என்கிறார்கள். நாம் வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறக்குறைய 50 சென்தான், அதில் தப்பில்லை. (பதிவு பெற்ற வழிபாட்டுத் தலத்துக்குக் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடியை அவர்கள் கழிக்கவில்லை, அதையும் இப்போதைக்கு விடுங்கள்.) ஆனால் அந்த 78,000 யூனிட்டையும் நாமே பயன்படுத்துவோம் என்று யார் சொன்னது?

அதற்காகத்தான் தைப்பூசம் முடிந்த கையோடு ஒரு வேலை செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மின்சார அறையில் ஆணியில் மாட்டி, இரண்டு வாரம் காலை ஏழு முதல் இரவு பத்து வரை மணிக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து எழுதினேன். நான் இல்லாத நேரங்களில் காவலாளி எழுதினார், அவர் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கிடைத்தது இதுதான். வார நாள்களில் பகலில் கோயில் தூங்குகிறது. அலுவலகத்து ஏர்கோன், மடப்பள்ளிக் குளிர்பெட்டி, தண்ணீர்ப் பம்ப், நாலைந்து காற்றாடி. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை மொத்தமே 35 யூனிட் வாக்கில்தான். மாலை ஆறரைக்குப் பூசை மணி அடித்ததும் மீட்டர் விழித்துக்கொள்கிறது. கோபுர விளக்கு, பிரகார விளக்கு, ஒலிபெருக்கி, தேவார வகுப்பு நடக்கும் அறையின் ஏர்கோன்கள், பரதநாட்டிய வகுப்பு. மணிக்கு 15, 18 யூனிட் என்று ஓடுகிறது. அந்த நேரம் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும்.

பகலில் மீட்டர் ஓடுவது கல்யாண நாளில் மட்டும்தான். சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தின் பன்னிரண்டு ஏர்கோனும் போட்டால், ஒரு மணி வரை மணிக்கு 40 யூனிட். தாராளமாகவே வைத்தால், சோலார் தருவதில் 170 யூனிட் வரை அன்றைக்கு நாமே சாப்பிட்டுவிடுவோம். இப்போது கூட்டிப் பாருங்கள். 60 கிலோவாட் பலகை ஒரு வாரத்துக்குத் தருவது சுமார் 1,500 யூனிட். ஐந்து வார நாளுக்கு 175, இரண்டு நாளும் கல்யாணம் என்றே வைத்துக்கொண்டாலும் 340. ஆக 515. மூன்றில் ஒரு பங்கு. இது நல்ல முகூர்த்த வாரத்தின் கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும், அப்போது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சமையல் மதியத்தில், பந்தி மாலையில். அதுதான் நம் கோயிலின் பிரச்சினை. இங்கே உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றேகாலுக்கு. நம் கடிகாரம் பினாங்குக்கு வெகு கிழக்கே உள்ள தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அதனால் பிற்பகலில் கொஞ்சம் கூடுதலாக வெயில் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனாலும் ஆறரை மணிப் பூசைக்கு அது எட்டாது.

மிச்சமாகும் மூன்றில் இரண்டு பங்கு என்ன ஆகும்? நமக்கு மின்சாரம் விற்கும் தெனாகா நிறுவனத்தின் கம்பிக்குப் போகும். போகட்டும், காசு தருவார்களே என்றால், அங்கேதான் காலம் மாறியிருக்கிறது. 2019-இல் நெம் 2.0 என்ற திட்டம் (கொடுத்த மின்சாரத்தை எடுத்ததில் கழிக்கும் ஏற்பாடு) வந்தபோது ஒன்றுக்கு ஒன்று கணக்கு இருந்தது: பகலில் ஒரு யூனிட் கொடுத்தால் இரவில் ஒரு யூனிட் எடுத்துக்கொள்ளலாம். கம்பியே நமக்கு பேட்டரி மாதிரி. அப்போது போட்ட நமக்குத் தெரிந்த இடங்களில் பில் பத்து, இருபது வெள்ளிக்கு இறங்கியது. உறவினர் யாராவது "எங்கள் பில் பூஜ்யம்" என்று சொல்லி உங்களை உசுப்பேற்றியிருந்தால், அவர் எந்த வருடம் போட்டார் என்று முதலில் கேளுங்கள். 2021-இல் வந்த நெம் 3.0, 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. 2026 ஜனவரி முதல் 'சோலார் அத்தாப்' திட்டம். பெயர் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் அத்தாப்பு எனும் ஓலைக் கூரைக்குக் கீழேதானே வாழ்ந்தார்கள்.

ஆனால் இந்த அத்தாப்பில், வீடு அல்லாத பயனீட்டாளர்கள் மிச்ச மின்சாரத்தைக் கொடுத்தால் கிடைப்பது 50 சென் இல்லை. அந்த நேரத்துக்குத் தேவையைச் சமாளிக்கக் கடைசியாக ஓடவைத்த மின்நிலையம் எந்த விலைக்குத் தந்ததோ, அந்த விலையின் சராசரி. சிஸ்டம் மார்ஜினல் பிரைஸ் என்பார்கள். நாம் கட்டும் 50 சென்னில் மின்சாரத்தின் விலை மட்டும் இல்லை. 2025 ஜூலையிலிருந்து பில்லிலேயே எரிசக்தி, கொள்திறன், கம்பிப் பின்னல் என்று பிரித்துப் போடுகிறார்கள் அல்லவா? நாம் உற்பத்தி செய்து நாமே பயன்படுத்தினால் இந்த யூனிட் கட்டணங்கள் எல்லாமே மிச்சம். கம்பியில் அனுப்பினால் மின்சாரத்துக்கு மட்டும்தான் காசு, கம்பி அவர்களுடையது. தோட்டத்துக் காய்கறியை வீட்டில் சமைப்பதற்கும் மொத்த வியாபாரியிடம் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். நான் கணக்குக்காக அதைப் பாதி விலை, 25 சென் என்று வைத்துக்கொள்கிறேன். தவிர, மாத முடிவில் மிஞ்சிய வரவு அடுத்த மாதத்துக்குத் தொடராது. ஆடியில் மிஞ்சியதை ஆவணியில் வந்து கேட்க முடியாது.

இப்போது ஏழாம் பக்கத்துப் பெருக்கலைத் திருத்திப் போடுகிறேன். நாம் பயன்படுத்தும் 26,000 யூனிட்டுக்கு 50 சென், 13,000 வெள்ளி. கம்பிக்குப் போகும் 52,000 யூனிட்டுக்கு 25 சென், அதுவும் 13,000 வெள்ளி. மொத்தம் 26,000. தாளில் சொன்னது 39,000. ஐந்து வருடம் என்றது ஏழரை வருடம் ஆகிறது. ஏழரை என்றதும் பொருளாளர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது சனியால் வந்ததில்லை, பெருக்கலால் வந்தது.

ஏழரை வருடமும் மோசமில்லை என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். பலகை 25 வருடம் தாங்கும், வருடத்துக்கு அரை சதவீதம்போல் தேயும், அவ்வளவே. ஆனால் இன்வர்ட்டர் தாங்காது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். கோயிலுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் மாதிரி இன்வர்ட்டருக்கும் ஒன்று. அந்தச் செலவு தாளில் எங்கேயும் இல்லை. 78,000 என்பதும் சராசரி வருடத்துக்கான எண். பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் இந்தச் சராசரியை நம்பிக் கொடுப்பதில்லை. சராசரி எண்ணை 'பி 50' என்பார்கள்: பாதி வருடங்கள் அதற்கு மேல், பாதி வருடங்கள் கீழ். பத்தில் ஒன்பது வருடம் நிச்சயம் தாண்டும் என்ற இன்னொரு எண் உண்டு, 'பி 90'. வங்கி அதைத்தான் கேட்கும். 2015-லும் 2019-லும் புகைமூட்டம் வந்து பாலத்தின் மறுகரை தெரியாமல் கிடந்தோமே, அந்த மாதிரி வருடங்களும் சேர்ந்ததுதான் கணக்கு. இரண்டு எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து நிழல். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதி வேண்டும், ஏனென்றால் இதை எந்தத் தாளிலும் பார்க்க முடியாது, கோயிலுக்குத் தினம் வருகிறவனுக்குத்தான் தெரியும்.

நம் ராஜகோபுரம் கிழக்கே. மண்டபம் தெற்குப் பக்கத்தில், கோபுரத்தை ஒட்டினாற்போல் மேற்கே நீள்கிறது. நான் ஜூன் மாதங்களில் காலை ஒன்பதரைக்கு வந்தால் என் மோட்டார் சைக்கிளை மண்டபத்து ஓரம், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். நல்ல நிழல். டிசம்பரில் அதே நேரம் அங்கே நிறுத்தினால் இருக்கையில் உட்கார முடியாது. ஏன்? பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வரும், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும். இடையில் ஜூனில் நமக்கு வடக்கே போய்விடும், கோபுர நிழல் தெற்கே சாயும். டிசம்பரில் தெற்கே போகும், நிழல் வடக்கே சாயும். நாற்பது அடிக் கோபுரம் ஜூன் மாதம் காலை ஒன்பதரைக்கு அறுபது அடிக்கு மேல் நிழல் போடும். அது தென்மேற்காகச் சாய்ந்து மண்டபக் கூரையின் முன்பகுதியில் விழும்.

நிறுவனத்துக்காரர்கள் டிசம்பரில் வந்து அளந்தார்கள். டிரோன் எல்லாம் விட்டார்கள். கூரையில் ஒரு பொட்டு நிழல் இல்லை என்று படம் எடுத்துப் போனார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, டிசம்பரில் வந்ததுதான் தப்பு.

ஒரு பலகையில் நிழல் விழுந்தால் அந்த ஒரு பலகைதானே நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பலகைகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். தண்ணீர் ரப்பர் குழாயை ஓர் இடத்தில் மிதித்தால் முனையில் வரும் தண்ணீரும் குறைகிறதே, அப்படி. அதைக் குறைக்க ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கருவி வைக்கலாம், செலவு கூடும். அதைவிட எளிது, அந்த முன்பகுதியில் பலகையே போடாமல் விடுவது. கூடவே மடப்பள்ளியின் புகைபோக்கியைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கண்ணாடியை மழை கழுவாது. அன்னதானத்துக்காக வரும் காக்கைகளையும் புறாக்களையும் பற்றி நான் எழுத வேண்டாம், கூரை கழுவிய பையன்களைக் கேளுங்கள்.

கூரையின் கீழே இறங்குவோம். 60 கிலோவாட்டுக்கு 550 வாட் பலகை 110 வேண்டும். ஒன்று 28 கிலோ வாக்கில் இருக்கும். மூன்று டன், சட்டமும் கிளாம்பும் தனி. மண்டபக் கூரை எந்த வருடம் போட்டது என்று நம்மில் யாருக்காவது நினைவிருக்கிறதா? அந்தத் தகரத்தின் ஆயுள் பலகையின் ஆயுளுக்கு முன்பே முடிந்தால், எல்லாவற்றையும் இறக்கித் தகரம் மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் வந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

இன்னும் கீழே, நிலம். மண்டபத்தின் பின்பகுதி நிற்கும் துண்டு இன்னும் தற்காலிக உரிமத்தில்தான் இருக்கிறது, வருடா வருடம் புதுப்பிக்கிறோம். பினாங்கில் சில ஆலயங்களின் நிலம் இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது, சில ஆலயங்கள் தோட்டத்து நிலத்தில் நின்றவை, சிலவற்றுக்குச் சொந்தப் பட்டா. நம்முடையது பாதிக்குப் பாதி. 25 வருடம் தாங்கும் பொருளை ஒரு வருட உரிமத்தின் மேல் ஏற்றப்போகிறோம். பெரிய சோலார் நிலையம் கட்டுகிறவர்கள், 2016 முதல் எரிசக்தி ஆணையம் ஏலம் விடுகிறதே, அதில் இறங்குகிறவர்கள், ஒரு திருகாணி முடுக்குவதற்கு முன் நிலம் யாருடையது, பக்கத்துத் துணைமின்நிலையத்தில் இடம் இருக்கிறதா, மின்சாரத்தை எந்த விலைக்கு எத்தனை வருடம் வாங்குவார்கள் என்று காகிதத்திலேயே நிறையக் காலம் செலவழிக்கிறார்கள். திட்டம் என்றால் அந்தக் காகிதம்தான், பலகை கடைசியில் லாரியில் வரும். நாம் லாரியிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

இனி, தாளின் பதிமூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். "ஒரு காசு முதலீடு வேண்டாம்" என்ற இரண்டாவது வழி. கூட்டத்தில் அதிகம் கைதட்டல் வாங்கியது இதுதான். நிறுவனமே பலகை போடும், 20 வருடம் நமக்கு யூனிட் 38 சென்னுக்கு விற்கும், தெனாகாவைவிட 12 சென் மலிவு. கேட்க இனிக்கிறது. ஆனால் ஒன்பதாவது விதியைப் படியுங்கள்: உற்பத்தியாகும் முழு மின்சாரத்துக்கும் ஆலயம் பணம் செலுத்தும். முழு மின்சாரம்! நாம் பயன்படுத்தும் 26,000 யூனிட்டில் 12 சென் லாபம், 3,120 வெள்ளி. பயன்படுத்தாத 52,000 யூனிட்டை 38 சென்னுக்கு வாங்கி 25 சென்னுக்குக் கம்பியில் விடுவோம், யூனிட்டுக்கு 13 சென் நஷ்டம், 6,760 வெள்ளி. ஒரு காசு முதலீடு இல்லாமல் வருடத்துக்கு 3,640 வெள்ளி நஷ்டம். உண்டியல் எண்ணும் மேசையில் உட்கார்ந்து இந்தக் கணக்கை மறுபடி ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொன்று: பலகையை நம் தேவைக்காகக் கழற்றினால், கழற்றும் செலவும், அந்த நாள்களில் அவர்களுக்கு ஏற்படும் வருமான இழப்பும் நம் தலையில். நம் அடுத்த கும்பாபிஷேகம் எப்போது? 20 வருடத்துக்குள் ஒன்று கட்டாயம் வரும். சாரம் கட்டுவோம், கோபுரத்துக்கு வர்ணம் பூசுவோம், வர்ணமும் சிமெண்டும் கண்ணாடிமேல் கொட்டும். அதற்கு இடம் விட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வருடந்தோறும் பராமரிப்பு யார், காப்புறுதி யார், பத்தாம் வருடம் நாமே வாங்கிக்கொள்வதென்றால் என்ன விலை, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். கையெழுத்து யார் போடுவது என்பதும். நிர்வாகம் தேர்தலில் மாறும். தலைவர் அண்ணன் கோபிக்கக் கூடாது, 20 வருடம் கழித்து இந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று நமக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தாள் அப்படியே இருக்கும்.

கரண்ட் போனாலும் கோயிலில் வெளிச்சம் இருக்கும் என்று பலர் பேசிக்கொண்டார்கள். இருக்காது. கம்பியோடு இணைந்த சோலார், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானாகவே நின்றுவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், செய்ய வேண்டும். எங்கோ கம்பம் ஏறி வேலை செய்கிறவர், லைன் செத்துவிட்டது என்று நம்பித் தொடும்போது நம் கூரையிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது. என் வேலைக் காலத்தில் அப்படி நம்பித் தொட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவர் பிழைத்துக்கொண்டார், வலது கையில் இரண்டு விரல் மடங்காது. ஆகவே பேட்டரி இல்லாமல் நடுப்பகலில்கூட வெளிச்சம் கிடைக்காது, பழைய ஜெனரேட்டரை விற்க வேண்டாம். இடி விஷயமும் இருக்கிறது, கோபுரத்துக்கு இடிதாங்கி இருக்கிறது, பலகைக்கு மின்னெழுச்சித் தடுப்பு தனியாக வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்கிறேன்? 20 கிலோவாட்டில் தொடங்கலாம். 36 பலகை, நிழல் விழாத பின்கூரையில். (நிலம் பற்றி மேலே சொன்ன சிக்கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதை முதலில் தீர்க்க வேண்டும்.) வருடத்துக்கு 26,000 யூனிட், அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் நாமே பயன்படுத்துவோம். 70,000 வெள்ளி போட்டால் ஆறரை வருடத்தில் திரும்பும். பெரியதைவிட ஒரு வருடம்தான் முன்னே, ஆனால் 125,000 வெள்ளி கட்டட நிதியில் அப்படியே இருக்கும், ஆடி மாதத்தில் வீணாகப் போவதும் குறையும். கேபிளும் பலகைச் சட்டமும் பின்னால் கூட்டுவதற்கு வசதியாகப் போடச் சொல்லலாம். இடையில் நம் பந்தியைக் கொஞ்சம் மதியத்துக்கு இழுக்க முடியுமா என்றும் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியை விடியற்காலையில் நிரப்புகிறோம், அதைப் பன்னிரண்டு மணிக்கு மாற்ற ஒரு டைமர் போதும். மாலைக் கல்யாண வரவேற்பு என்றால் மண்டபத்தை மூன்று மணிக்கே குளிர்வித்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் விடுமுறை வகுப்புகளைப் பகலில் வைக்கலாம். நமக்கு அடுத்த சாலையில் இருக்கும் தமிழ்ப்பள்ளியைப் பாருங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை காலையிலும் பிற்பகலிலும்தான் அவர்களுக்குக் கரண்ட் வேண்டும். சூரியனும் பள்ளியும் ஒரே நேர அட்டவணை. இந்த 60 கிலோவாட் யோசனையை அவர்களுடைய மேலாளர் வாரியத்திடம் கொண்டுபோனால் நம்மைவிட அவர்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது, அரசாங்க அனுமதிகள் தனிக் கதை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உறுப்பினர் கூட்டத்தை இன்னொரு முறை கூட்டுங்கள். சேடாவின் பதிவுப் பட்டியலில் உள்ள வேறு இரண்டு நிறுவனங்களிடமும் விலை கேளுங்கள், அவர்களிடம் என் மீட்டர் கணக்கையும் கொடுத்துக் கேளுங்கள், வெறும் பில்லை மட்டும் கொடுத்தால் எல்லோரும் அதே 50 சென்னைத்தான் பெருக்குவார்கள். ஜூன் மூன்றாம் வாரம் ஏதாவது ஒரு காலை, வெயில் இருந்தால், ஒன்பதரைக்கு நிர்வாகத்தில் இரண்டு பேர் மண்டபத்து ஓரம் வாருங்கள். ஏணி நான் கொண்டுவருகிறேன். நிழல் விழும் கோட்டைச் சாக்பீஸால் கூரையிலேயே போட்டுவிடலாம்.

மீட்டர் நோட்டு ஆலய அலுவலகத்தில், ரசீதுப் புத்தகங்களுக்குக் கீழே இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. நீல அட்டை. பின்பக்கத்துத் தாள்கள் காலியாக இருக்கின்றன என்று கார் நிறுத்தும் டோக்கனுக்குக் கிழித்துவிட வேண்டாம், மூன்று மாதம் தொடர்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆயுள் உறுப்பினர்
செபராங் பிறை, பினாங்கு